இடப்பக்கத்து இருக்கை

"பச்சை" என்று பதில் சொல்லி வாயை மூடிய பிறகுதான், தன்னிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்பது டிரைவர் தாடிக்கு உறைத்தது.

வேகத்தைக் கூட்டப்போன கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. என்ஜின் அறைக்குள் அவன் ஒருவன்தான். இடப்பக்கத்து இருக்கை காலியாக, வண்டியின் குலுக்கலுக்குத் தகுந்தபடி லேசாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குவாரியின் கல்தூசியும் ஏரியிலிருந்து எழும்பிய பனியும் ஒன்றாகக் கலந்து, கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தது. அந்த வெளிறலுக்குள்ளிருந்து சிக்னல் கம்பம் ஒன்று பச்சை விளக்கோடு வந்து, பக்கவாட்டில் கடந்து போனது.

சொன்னது சரிதான். சொன்னது யார்?

பழக்கதோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இத்தனை வருஷம் கேட்ட காது, ஆள் இல்லாவிட்டாலும் கேட்டுக்கொள்ளத்தானே செய்யும். சரக்கு ரயில் ஓட்டுகிறவர்களுக்கு அது மூச்சுவிடுவது போல. சிக்னல் கண்ணில் பட்டதும் இடப்பக்கத்தில் இருப்பவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் தன் கண்ணாலும் அதைப் பார்த்துவிட்டு, அதே நிறத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாயும் ஒன்றைச் சொன்னால்தான் வண்டி போகும். தாடிக்கு அந்த இடப்பக்கத்து வாய், அவனுடைய மச்சான்.

தாடி எடுத்துப் பல வருஷமாகிவிட்டது. பேர் மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை. வைத்தவனும் மச்சான்தான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, கடைசியில் மச்சானின் தங்கையைத் தாடி கட்டிக்கொண்டதும் அந்தச் சிநேகத்தின் தொடர்ச்சிதான். "என் தங்கச்சியையே கொடுத்திருக்கேன், சிக்னல் நிறத்தையா மறைக்கப் போறேன்?" என்று பனிக்காலங்களில் கிண்டல் செய்வான். வெளியே தலையை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொள்ளும் கழுத்துக்கு எப்போதும் தைலம் தடவியிருப்பான். என்ஜின் அறையே அந்த வாசனைதான்.

அப்படிப்பட்டவன் போன மாதம் முதுகுவலி என்று சொல்லி ஆபீஸ் வேலைக்கு மாறிப்போனான். அடுத்த வாரமே டிப்போ பொறுப்பாளர் தாடியைக் கூப்பிட்டு, இனிமேல் குவாரி லைனில் தனியாகத்தான் போக வேண்டும் என்றார்.

"பெட்டி இல்லாத என்ஜின்ல தனியாப் போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கே சார்?" என்று கேட்டான் தாடி.

"இருக்கு. நம்ம லைனுக்கு விலக்கு கொடுத்துட்டாங்க."

பெட்டி என்றால், சிவப்பு விளக்கைக் கண்டதும் மணியடித்து, கேட்காவிட்டால் தானே பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்திவிடும் கருவி. எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும், முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் டிரைவர்கள் அதற்கு 'மாமியார்' என்று பேர் வைத்திருந்தார்கள். எல்லா என்ஜினிலும் மாட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்து வெகுகாலமாகிவிட்டது. ரயில் கம்பெனி ஒவ்வொரு வருஷமும் அவகாசம் கேட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. மாமியார் வருகிறவரைக்கும் இரண்டு பேர் கட்டாயம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. கிளை லைன், சரக்கு வண்டி மட்டும், பழைய என்ஜின், அனுபவமுள்ள டிரைவர்கள். அதனால் பெட்டியும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

காலி இருக்கைக்குப் பதில் சொன்ன அன்று, வண்டியை ஜங்ஷனில் விட்டுவிட்டு இறங்கும்போது, தாடி இடப்பக்கத்து இருக்கையைத் தொட்டுப் பார்த்தான். ரெக்ஸின் வெதுவெதுப்பாக இருந்தது. என்ஜின் சூடு என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த முறை பனி இன்னும் கெட்டியாக இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பாறையை வெட்டி இறக்கிய பள்ளத்தின் வழியாக லைன் வளைந்து வளைந்து சரிவில் இறங்கும். முன் விளக்கின் வெளிச்சம் பனியில் மோதித் திரும்பி அவன் கண்ணையே கூசச் செய்தது. சக்கரங்களின் உராய்வும், பின்னால் கல் நிரம்பிய வேகன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் ஓசையும், ஈரப்பாறையில் பட்டு, பின்னால் இன்னொரு வண்டி வருவதைப் போல எதிரொலித்தன. அந்த எல்லாச் சத்தத்துக்கும் நடுவில், இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி, அவசரமே இல்லாமல், ஒரு குரல் சொன்னது.

"மஞ்சள்."

அது மச்சானின் குரல். முதல் எழுத்தை மூக்கால் கொஞ்சம் இழுக்கும் அதே தோரணை. தாடி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவன் கண்ணுக்கு எந்தக் கம்பமும் தெரியவில்லை. வளைவு இன்னும் முடியவே இல்லை. ஆனாலும் கை வேகத்தைக் குறைத்தது. வளைவு திரும்பியது. பனிக்குள் மஞ்சள் விளக்கு.

"மஞ்சள்" என்றான் தாடி.

பக்கத்தில் ஸ்பிரிங் மெதுவாகக் கிறீச்சிட்டது, ஒருவர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வதைப் போல. தைல வாசனை எழுந்தது.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. பயம் மெல்ல மெல்ல ஓர் ஆறுதலாக மாறிக்கொண்டிருந்தது. பனியில் கண்ணைக் கிழித்துக்கொண்டு தேட வேண்டியதில்லை. குரல் சொல்லும், இவன் திருப்பிச் சொல்லுவான், பிறகு விளக்கு வரும். பார்த்துவிட்டுச் சொல்வது போய், சொல்லிவிட்டுப் பார்ப்பதாக ஆகிவிட்டது. அந்த மாற்றத்தை அவன் கவனிக்கக்கூட இல்லை. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பொறுப்பாளர், "பாத்தீங்களா, தனியாவே ஜோரா ஓட்டுறீங்களே" என்று முதுகில் தட்டினார்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சுவாக்கில் மனைவியிடம் கேட்டான். "உங்க அண்ணன் எப்படி இருக்கான்? போன் பண்ணா எடுக்கறதே இல்ல."

"எடுத்து என்ன பண்ணுவான், பாவம். குரலே போயிடுச்சு அவனுக்கு" என்றாள் அவள். "டாக்டர் பார்த்துட்டு தொண்டையில ஒண்ணுமே இல்லைங்கறாராம். விசாரணையில பேசிட்டு வந்தான்ல, அன்னைக்குப் போனதுதான்."

சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன.

"என்ன விசாரணை?"

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். மூடியை எடுத்து மூடினாள். பிறகு திறந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். என்ன விசாரணை?"

"அந்த விலக்கு கேட்டாங்கல்ல கம்பெனியில. டிரைவர்கள் தரப்புல யாராவது வந்து, ஒரு ஆளே போதும்னு சொல்லணும்னாங்களாம். அண்ணன் போனான்." அவள் அவனைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள். "உங்ககிட்ட அவனே சொல்லுவான்னு நினைச்சேன். அதுக்குப் பதிலாத் தர்ற ஆபீஸ் வேலைக்கு முதல்ல அவன் போயிட்டா, அப்புறம் உங்களையும் இழுத்துக்குவான். நீங்களும் இந்தத் தூசியில கெடந்து இருமிச் சாக வேண்டாம். அப்படித்தான் பேசிக்கிட்டோம்."

"பேசிக்கிட்டோமா?"

"இங்க வந்துதான் ஒத்திகை பார்த்தான். இதே சமையல்கட்டுல நின்னு. நீங்க டூட்டிக்குப் போயிருந்தீங்க. நல்லா இருக்கான்னு கேட்டான். நல்லா இருக்குன்னேன்."

தாடி தட்டை நகர்த்தி வைத்தான். அந்த வீட்டின் சுவர்கள், அலமாரி, அடுப்புக்கு மேல் கரிபிடித்த மூலை, எல்லாம் அவனுக்கு முன்பே அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, இத்தனை நாளாக வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தோன்றியது. கையைக் கழுவிவிட்டு வெளியறையில் போய் உட்கார்ந்தான். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனான்.

மறுநாள் டூட்டிக்கு முன்னால் தலைமை ஆபீஸுக்குப் போனான். மேல்மாடி. கண்ணாடிக் கதவில் 'பாதுகாப்புப் பிரிவு' என்று எழுதியிருந்தது. மச்சான் பெரிய மேஜைக்குப் பின்னால் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதத்தில் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தான். அறையில் புது வார்னிஷ் வாசனை. தைல வாசனை துளியும் இல்லை.

"உட்காரு மாப்ள." காகிதத்தோடு காகிதம் உரசுவதைப் போல ஓர் ஓசை வந்தது, அவ்வளவுதான்.

தாடி உட்காரவில்லை. "அங்க என்ன சொன்ன?"

"உன்னைப் பெருமையாத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னன்னு கேட்டேன்."

மச்சான் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினான். "பக்கத்துல உட்கார்ந்திருந்த இத்தனை வருஷத்துல, என் குரல் உனக்கு ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லன்னு சொன்னேன்."

"பொய்."

"ஆமா."

அவன் மழுப்பியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "லெவல் கிராசிங்ல லாரி மாட்டிக்கிட்டு நின்னுச்சே" என்றான் தாடி. "என் பக்கத்திலிருந்து ஒண்ணும் தெரியாது அந்த வளைவுல. நீ கத்துன. பிரேக் போட்டேன். அந்த லாரிக்காரன் இறங்கி வந்து உன் காலைக் கட்டிக்கிட்டு அழுதானே, மச்சான்."

"அதையும் கேட்டாங்க." உரசல் இன்னும் தேய்ந்தது. "ஞாபகமில்லன்னுட்டேன்."

அவ்வளவுதான். கேட்க வேறொன்றும் இல்லை. அடிப்பதற்குக்கூடக் கை வரவில்லை. கதவைத் திறக்கப் போனவனின் மணிக்கட்டை மச்சான் எட்டிப் பிடித்தான். கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"வண்டியில என் குரல் கேக்குதா?"

தாடி அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"சரியாத்தான் சொல்லுதா?" மச்சானின் கண்கள் அவன் முகத்தில் எதையோ தேடின.

"இதுவரைக்கும்."

மச்சான் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அங்க அந்தப் பொய்யைச் சொன்னதுதான் மாப்ள நான் கடைசியா சத்தமாப் பேசினது. அதுக்கப்புறம் எனக்கு ஒரு வார்த்தை வரல."

தாடி படியிறங்கினான். டிப்போவுக்குப் போய், உடம்பு சரியில்லை, இன்று முடியாது என்றான். பொறுப்பாளர் சிரித்தார். "உங்க லைனுக்கு வேற ஆளே இல்லையே. ஒரு ஆளு போதும்னுதானே விலக்கே கொடுத்திருக்காங்க."

அன்று பனி சாயங்காலத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது. குவாரியிலிருந்து கல் ஏற்றிப் புறப்படும்போதே, முன்னால் தண்டவாளம் இரண்டு கெஜத்தில் கரைந்து போனது. தாடி ஒரு முடிவோடுதான் ஏறினான். அது என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்வதில்லை. தன் கண்ணால் பார்க்காமல் ஓர் அடி நகர்வதில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு, நடை வேகத்தில் ஊர்ந்தான். வைப்பர் முனகியது. அவன் மூச்சுக் காற்றே கண்ணாடியில் படிந்து அவனுக்கெதிராக வேலை செய்தது.

தைல வாசனை வந்தது.

ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"பச்சை."

தாடி உதட்டைக் கடித்துக்கொண்டான். கம்பம் வந்தது. பச்சைதான்.

"பச்சை" என்றது அடுத்த கம்பத்துக்கும். அதுவும் சரி. ஒயர்லெஸ்ஸில் கரகரத்த குரல், ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறீர்கள், எல்லாம் தடைபடுகிறது என்று திட்டியது. பிறகு வண்டி பள்ளத்துக்குள் இறங்கவும் அந்தக் கரகரப்பும் அறுந்து போனது. பள்ளத்தில் ஒயர்லெஸ் எடுக்காது. இனி சரிவு. பின்னால் கல்லின் பாரம் மொத்தமும் முதுகில் கைவைத்து அவனைத் தள்ளியது; நடை வேகம் ஓட்டமாயிற்று.

"பச்சை."

இருட்டத் தொடங்கியிருந்தது. வளைவு. பாறை. பனி. கம்பம் எங்கே? கண்ணை இடுக்கினான். ஒன்றுமில்லை.

"பச்சை மாப்ள" என்றது குரல், செல்லமாக.

அந்த ஒரு சொல். மாப்ள. இத்தனை வருஷமும், அத்தனை பனிக்காலமும், ஒரே தட்டுச் சோறும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. அவன் நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"பச்சை."

சொன்ன கணத்தில் தொண்டைக்குள் ஏதோ நழுவியது. விழுங்கியதைப் போல இல்லை. யாரோ உள்ளிருந்து மெல்ல உருவியதைப் போல.

பனி விலகியது. சிவப்பு.

பிரேக் கைப்பிடியை முழுப் பலத்தோடு இழுத்தான். சக்கரங்கள் அலறின. வேகன்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து மோதும் இடி, பின்னாலிருந்து ஓடிவந்து அவன் முதுகெலும்பில் இறங்கியது. சிவப்பு விளக்கு தலைக்கு மேலே போயிற்று. பின்னால் போயிற்று. வண்டி வழுக்கிக்கொண்டே போய், முனகி, ஒரு குலுக்கலோடு நின்றது.

அமைதி. என்ஜினின் உறுமல் மட்டும்.

முன்னால், பனிக்குள், இன்னொரு சிவப்பு. சிறியது. ஒரு ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் வால் விளக்கு. அதற்கு மேலே மஞ்சள் வெளிச்சத்தோடு ஜன்னல்கள். ஜன்னல்களில் தலைகள். இந்த லைனில் வரவே வராத பயணிகள் வண்டி, ஒரு கல்லெறி தூரத்தில், நின்றுகொண்டிருந்தது.

தப்பித்தோம். எல்லா பிரேக்கையும் பூட்டினான். சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இடப்பக்கம் பார்க்காமலே கீழே இறங்கினான். சரளைக்கல்லில் தடுக்கித் தடுக்கிப் பின்னால் ஓடி, சிக்னல் கம்பத்தில் பெட்டிக்குள் இருந்த டெலிபோனை எடுத்தான்.

"சொல்லுங்க, சிக்னல் கேபின்" என்றார் மறுமுனையில் ஒருவர்.

தாடி வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

"ஹலோ? பள்ளத்து சிக்னலா? யாரு, குவாரி வண்டியா? அங்கேயே நில்லுங்க. மெயின் லைன்ல கோளாறு, பயணிகள் வண்டியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கோம். அது என்ஜின் செத்து உங்களுக்கு முன்னாடி நிக்குது. நகராதீங்க. காதுல விழுதா?"

அவன் தொண்டையைப் பிடித்துக் கசக்கினான். இருமப் பார்த்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் கேட்டது. புஸ்ஸென்று, நீளமாக. பிரேக்குகள் தளர்ந்து காற்று வெளியேறும் சத்தம்.

சட்டைப் பையைத் தொட்டான். சாவி இருந்தது.

பக்கத்தில் நின்றிருந்த வேகன் அசைந்தது. ஓர் அங்குலம். ஓர் அடி. சக்கரம் உருண்டது. டெலிபோனைத் தொங்கவிட்டு அவன் முன்னால் ஓடினான். கல் பெயர்ந்தது. விழுந்தான். எழுந்தான். என்ஜினை எட்டிப் பிடித்தபோது அது அவன் ஓட்டத்தைவிட வேகமாகிவிட்டிருந்தது. ஏணிக் கம்பி விரலில் பட்டு நழுவியது. தலைக்கு மேலே என்ஜின் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. இரண்டு இருக்கைகளும் காலி. இரண்டின் மெத்தையும், ஆள் பாரத்தில் அழுந்துவதைப் போல, நன்றாக அழுந்தியிருந்தன.

"பச்சை" என்றது மச்சானின் குரல்.

"பச்சை" என்றது தாடியின் குரல், பணிவாக, உடனே.

பின்னால் இருட்டில் தொங்கிய டெலிபோன், யாருங்க, பேசுங்க, எதுவா இருந்தாலும் பேசுங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அவன் வாயை அகலத் திறந்துகொண்டு ஓடினான். கடைசிப் பெட்டியின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், திடீரென்று தன்மேல் விழுந்த வெளிச்சம் என்னவென்று பார்க்க, கண்ணாடியில் படிந்த பனியை உள்ளங்கையால் வட்டமாகத் துடைத்து, அந்த வட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.